முதல் மோட்டாருக்குக் காப்புறுதி: காசை எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்தை ஒட்டிய டவுனில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரம் இல்லை. எஸ்பிஎம் பரீட்சை முடித்த கையோடு செம்மோரிலோ ஈப்போ தாசேக்கிலோ தொழிற்சாலை வேலை கிடைக்கிறது. ஷிப்ட் முடியும் நேரத்துக்குப் பஸ் இருக்காது. அதனால் மோட்டார் வாங்கித்தான் ஆக வேண்டும், அதற்குக் காப்புறுதியும் போட்டுத்தான் ஆக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் கடையில் காசைக் கொடுத்து, "அண்ணே, இன்சூரன்ஸும் ரோட் டேக்ஸும் போட்டுடுங்க" என்று சொல்வதோடு சரி. பாலிசித் தாளை ஒரு வருஷம் பார்ப்பதே இல்லை. தேவையில்லாமல் காசு போவதும், தேவையான பாதுகாப்பு விட்டுப்போவதும் இங்கேதான்.

காப்புறுதி இல்லாமல் ஓட்டலாம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம், 90ஆம் பிரிவின்படி, காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் 1,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் 12 மாதம் பறிபோகலாம். "தோட்டத்துக்குள்ளதானே ஓட்டுறேன், மெயின் ரோட்டுக்குப் போறதில்லையே" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொதுமக்கள் போய்வரும் பாதையும் சட்டப்படி சாலைதான். கோயிலுக்கும் பள்ளிக்கும் எல்லாரும் போகிற செம்மண் பாதையில் ஒருவரை இடித்துவிட்டால், தோட்டத்துப் பாதை என்ற பேச்சு உங்களைக் காப்பாற்றாது.

மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போதே காப்புறுதிச் செலவில் பாதி முடிவாகிவிடுகிறது. பிரீமியத்தின் அடிப்படை என்ஜின் சிசி. 110 சிசி பக்கம் இருக்கும் ஹோண்டா இஎக்ஸ்5, மொடேனாஸ் கிரிஸ் போன்ற வண்டிகளுக்கும் 150 சிசி யமஹா ஒய்15-க்கும் பிரீமியம் ஒன்றாக வராது. சாலை வரியில் இந்த வித்தியாசம் கிடையாது. தீபகற்பத்தில் 150 சிசி வரைக்கும் வருஷத்துக்கு 2 வெள்ளிதான். 151 சிசியிலிருந்து 200 வரை 30 வெள்ளி, 250 வரை 50 வெள்ளி. பி2 லைசென்ஸில் 250 சிசி வரை ஓட்டலாம் என்பதற்காக முதல் வண்டியே 250 ஆக இருக்க வேண்டியதில்லை. இன்னொரு விஷயம் திருட்டு. ஒய்15, எல்சி135 இரண்டும் திருடர்களுக்குப் பிடித்த வண்டிகள், இஎக்ஸ்5-உம் தப்பாது. அதிகம் திருடு போகும் மாடலுக்குத் திருட்டுப் பாதுகாப்பு கேட்டால் நிறுவனம் விலையைக் கூட்டும், அல்லது கைவிரிக்கும். புது வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே அந்த மாடலுக்கு என்ன விலை வரும் என்று இரண்டு இடத்தில் கேட்டுவிடுங்கள்.

லைசென்ஸ் எடுக்கவே காசு இல்லாத குடும்பங்கள் போக்குவரத்து அமைச்சின் மைலெசென் பி2 திட்டத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும். பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பத்து இளைஞர்களுக்கு பி2 லைசென்ஸை இலவசமாக எடுத்துத் தரும் திட்டம் அது. இடங்கள் அளவாகத்தான் இருக்கும். அறிவிப்பு வந்ததுமே விண்ணப்பிப்பது நல்லது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விபத்தானால் உங்கள் காப்புறுதி உங்களுக்கு உதவாது. எதிராளிக்கு நிறுவனம் இழப்பீடு கொடுத்தாலும், கொடுத்ததை உங்களிடம் திரும்பக் கேட்க அதற்கு உரிமை உண்டு.

யார் பெயரில் போடுவது?

அதிகமாகக் காசு விரயமாவது இந்த விஷயத்தில்தான். என்சிடி என்பது கிளைம் எதுவும் இல்லாத வருஷங்களுக்குக் கிடைக்கும் கழிவு. மோட்டார் சைக்கிளுக்கு முதல் 12 மாதம் கிளைம் இல்லாமல் முடிந்தால் 15 விழுக்காடு, இரண்டாவது வருஷம் முடிந்தால் 20, மூன்றாவது முடிந்தால் 25. மோட்டாருக்கு 25-தான் உச்சம். கார் கணக்கான 55 விழுக்காட்டை யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தக் கழிவு வண்டிக்குச் சேர்வதில்லை, பாலிசிக்காரருக்குச் சேர்கிறது. பையன் 17 வயதிலிருந்து அப்பா பெயரில் இருக்கும் மோட்டாரை நான்கு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினாலும், அந்த 25 விழுக்காடு அப்பாவுடையதுதான். 21 வயதில் தன் பெயரில் வண்டி வாங்கும்போது பையன் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 18 வயது ஆகும்வரை அப்பா பெயரில் இருப்பது இயல்பு. அதற்குப் பிறகும் அப்படியே விட்டுவைப்பதில் லாபம் இல்லை. 18 ஆனதும் ஜேபிஜே-யில் (சாலைப் போக்குவரத்துத் துறை) பெயர் மாற்றிவிட்டு, பிள்ளை பெயரிலேயே புது பாலிசி எடுப்பதே எங்கள் ஆலோசனை. முதல் வருஷம் கொஞ்சம் கூடுதலாக வரும். மூன்று வருஷத்தில் அது சரியாகிவிடும்.

பெயரை மட்டும் மாற்றிவிட்டு அப்பாவின் பழைய பாலிசியே ஓடட்டும் என்று விடக் கூடாது. பாலிசி வண்டியோடு கைமாறாது. மாமாவிடமிருந்து வாங்கிய பழைய வண்டிக்கும் இதே விதிதான்: கிரான் (வண்டியின் உரிமைப் பத்திரம்) உங்கள் பெயருக்கு வந்த நாளே உங்கள் பெயரில் காப்புறுதி இருக்க வேண்டும்.

வண்டி அப்பா பெயரிலேயே இருந்தால், தினமும் ஓட்டுவது பிள்ளைதான் என்பதை நிறுவனத்திடம் சொல்லி அவன் பெயரையும் ஓட்டுநராகச் சேருங்கள். பல மோட்டார் பாலிசிகள் பாலிசிக்காரரையும் பெயர் குறிப்பிட்ட ஓட்டுநரையும் மட்டுமே ஏற்கும். தம்பி அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு போவான், கூட்டாளி கடன் கேட்பான் என்றால், 'ஆல் ரைடர்ஸ்' என்ற கூடுதல் பிரிவைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு ஆகும் காசு சிறியது. மறைத்துச் சேமிக்கப் பார்ப்பதுதான் பெரிய செலவில் கொண்டுபோய் விடும். 2013 நிதிச் சேவைச் சட்டப்படி, நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குத் தவறாகப் பதில் சொல்லாமல் கவனமாக இருப்பது உங்கள் கடமை. வேண்டுமென்றே பொய் சொல்லியிருந்தால் பாலிசியையே ரத்து செய்ய முடியும்.

எந்த வகை?

மூன்று வகை உண்டு. கடைத்தெருவில் இவற்றைத் தேர்ட் பார்ட்டி, 'ஃபயர் அண்ட் தெஃப்ட்', ஃபர்ஸ்ட் பார்ட்டி என்பார்கள். பாலிசித் தாள் மலாயில் இருந்தால் முதல் வகைக்கு 'பிஹாக் கெதிகா' என்றும் கடைசி வகைக்கு 'கொம்ப்ரெஹென்சிஃப்' என்றும் இருக்கும்.

தேர்ட் பார்ட்டி நீங்கள் இடித்தவருக்கும் அவர் சொத்துக்கும் மட்டும் பொறுப்பேற்கும். உங்கள் வண்டிக்கும் உடம்புக்கும் அதில் ஒரு காசு வராது. நடுவகையில் தீயும் திருட்டும் சேரும். ஃபர்ஸ்ட் பார்ட்டியில் உங்கள் வண்டியின் சேதமும் சேரும், உங்கள் தப்பாகவே இருந்தாலும்.

2017 ஜூலை முதல் ஃபர்ஸ்ட் பார்ட்டி, தீ-திருட்டு வகைகளின் விலையை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்யலாம். அதனால் இந்த இரண்டு வகைக்கும் மூன்று நான்கு இடத்தில் விலை கேட்பது பலன் தரும். ஒரே வண்டிக்கு, ஒரே வயதுக்கு, விலை நன்றாகவே மாறும். தேர்ட் பார்ட்டி விலை இன்னும் அரசு நிர்ணயித்த அட்டவணையை ஒட்டியே போகிறது. அதற்காகக் கடை கடையாக ஏறி இறங்குவதில் பெரிய பிரயோஜனம் இல்லை. அங்கே வித்தியாசம் வருவது கடைக்காரரின் சேவைக் கட்டணத்திலும், கேட்காமல் சேர்க்கும் கூடுதல் பிரிவுகளிலும்தான்.

பத்து வருஷமான, விற்றால் இரண்டாயிரம் வெள்ளி வரும் இஎக்ஸ்5-க்குத் தேர்ட் பார்ட்டி போதும். பழைய சின்ன வண்டிக்கு ஃபர்ஸ்ட் பார்ட்டி தரவே பல நிறுவனங்கள் முன்வராது. ஆனால் அப்படி மிச்சமாகும் காசில் ஒரு பகுதியைத் தனிநபர் விபத்துக் காப்புறுதிக்கு (பிஏ என்பார்கள்) ஒதுக்குங்கள். கூட்டரசு சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டும் பிள்ளைக்கு வண்டியின் விலையை விடக் கை, காலின் விலை பெரிது. தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்து, நீங்களாகச் சறுக்கி விழுந்தால், அந்தப் பாலிசியிலிருந்து எதுவும் வராது என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சம்பளத்தில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) பிடிக்கிறார்களா என்று பே ஸ்லிப்பைப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு. சொந்த வேலையாகப் பாதை மாறிப் போனால் சிக்கல் வரும். காண்ட்ராக்டரிடம் தினக்கூலிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் சொக்சோ கட்டுவதே இல்லை. அவர்களுக்கு பிஏ அவசியம்.

கடனில் வாங்கிய புது வண்டி என்றால் கணக்கு வேறு. பத்தாயிரம் வெள்ளியை நெருங்கும் ஒய்15 இரண்டாவது மாதமே காணாமல் போனால், தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர் வண்டி இல்லாமல் மீதித் தவணை முழுவதையும் கட்டுவார். கடன் முடியும்வரை ஃபர்ஸ்ட் பார்ட்டி, குறைந்தது தீ-திருட்டு வகையாவது வேண்டும். பெரும்பாலும் கடன் கொடுப்பவரும் அதைத்தான் கேட்பார். முதல் வருஷக் காப்புறுதியைக் கடையே போட்டுக் கடனோடு சேர்த்துவிட்டிருந்தால், இரண்டாவது வருஷம் அது தானாகப் புதுப்பிக்கப்படும் என்று நினைத்துவிடாதீர்கள். முடியும் தேதியை கைப்பேசியில் குறித்து வையுங்கள்.

காப்புத் தொகையைச் சரியாக வைப்பதும் முக்கியம். ஃபர்ஸ்ட் பார்ட்டியில் வண்டியின் அன்றைய சந்தை விலைதான் அளவு. சந்தை விலை 8,000 வெள்ளி. பிரீமியத்தைக் குறைக்க 6,000 என்று போட்டீர்கள். 2,000 வெள்ளிக்குச் சேதமானால் நிறுவனம் நாலில் மூன்று பங்கு, அதாவது 1,500 மட்டும் கணக்கில் எடுத்து, அதிலிருந்தும் 'எக்ஸஸ்' எனப்படும் உங்கள் பங்கைக் கழிக்கும். மாறாக 10,000 என்று ஏற்றிப் போட்டாலும், வண்டி தொலைந்தால் 8,000-க்கு மேல் வராது. கூட்டிக் கட்டிய பிரீமியம் வீண்.

விலைச்சீட்டைப் படிக்கும் முறை

அடிப்படைப் பிரீமியம் 200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம் (கணக்குப் புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண், உங்கள் வண்டிக்கு வேறாக இருக்கும்). முதல் வருஷம் என்சிடி இல்லை. 200 வெள்ளிக்கு 8 விழுக்காடு சேவை வரி 16 வெள்ளி, முத்திரை வரி 10 வெள்ளி, மொத்தம் 226. சேவை வரி 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு. அதற்கு முன் 6. மூன்று வருஷம் கழித்து 25 விழுக்காடு கழிந்தால் 150, வரி 12, முத்திரை 10, ஆக 172. இதற்கு மேல் 2 வெள்ளி சாலை வரி.

கடையில் சொன்ன தொகை இந்தக் கூட்டலைத் தாண்டினால், எதற்கு என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. "அண்ணே, பேசிக் எவ்வளவு, என்சிடி எவ்வளவு கழிச்சீங்க, பிஏ சேர்த்திருக்கா, உங்க சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு? தனித்தனியா எழுதிக் கொடுங்க." இவ்வளவு கேட்டால் போதும். நியாயமான கடைக்காரர் எழுதிக் கொடுப்பார். பல வருஷமாக அலைந்து திரிந்து வேலை செய்து கொடுக்கும் கடைக்காரருக்குப் பத்து, இருபது வெள்ளி கட்டணம் கொடுப்பதில் தப்பில்லை. அது எவ்வளவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

என்சிடி பூஜ்யம் என்று சீட்டில் இருந்தால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் வண்டி எண்ணையும் கொடுத்து மைகார்இன்ஃபோ தளத்தில் உங்கள் என்சிடி எவ்வளவு என்று பார்க்கலாம். பழைய எண்ணை உள்ளிட்டதாலோ, முந்தைய நிறுவனத்திலிருந்து பதில் வராததாலோ கழிவு விட்டுப்போவது உண்டு.

வாங்குவதற்கு வழிகள் பல. ஏஜென்ட் கடை, தபால் நிலையம், மைஇஜி போன்ற இணையச் சேவை, நிறுவனத்தின் சொந்தத் தளம். ஏஜென்ட் இல்லாமல் நேரடியாக வாங்கினால் 10 விழுக்காடு கழித்துத் தரும் நிறுவனங்கள் உண்டு. இஸ்லாமிய முறையில் காப்புறுதி தரும் தக்காஃபுல் நிறுவனங்களிடமும் எந்த மதத்தவரும் வாங்கலாம். விலை கேட்கும்போது அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐசி, கிரான், லைசென்ஸ், பழைய பாலிசி நான்கையும் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்திருந்தால் எங்கே கேட்டாலும் ஐந்து நிமிஷத்தில் விலை கிடைக்கும். காலாவதிக்கு 2 மாதம் முன்பே புதுப்பிக்கலாம். இடைவெளி விடுவது நல்லதல்ல; பாலிசி இல்லாத நாள்களுக்கு என்சிடி சேராது, அந்த நாள்களில் நடக்கும் விபத்து முழுவதும் உங்கள் தலையில். மாதம் 20 வெள்ளியைத் தனியாக எடுத்து வைத்தால் மேலே சொன்ன 226 வெள்ளி வருஷக் கடைசியில் கையில் இருக்கும்.

"காசை அடுத்த மாசம் கொடு தம்பி, இப்ப ஓட்டு" என்று ஏஜென்ட் சொன்னால் ஏற்காதீர்கள். பிரீமியம் கட்டினால்தான் பாதுகாப்பு தொடங்கும் என்பது விதி. கட்டிய அன்றே பாலிசியின் நகலை வாட்ஸ்அப்பில் வாங்கி ஐந்து இடத்தைச் சரிபாருங்கள்: பெயரும் ஐசி எண்ணும், வண்டி எண், என்ஜின், சேசிஸ் எண்கள், காப்புறுதி வகை, தொடக்கமும் முடிவும். என்ஜின் எண்ணில் ஓர் எழுத்துத் தப்பானாலும் கிளைம் நேரத்தில் இழுத்தடிப்பார்கள். சந்தேகம் இருந்தால், நகலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் தளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்துப் பாலிசி உண்மையா என்று கேளுங்கள். சாலை வரி நிலவரத்தை மைஜேபிஜே செயலியில் பார்க்கலாம்.

பாலிசி கையில் இருந்தும் செல்லாமல் போவது எப்போது?

வேலை முடிந்து சாப்பாடு, பார்சல் டெலிவரி செய்யும் பிள்ளைகள் டவுனில் பெருகிவிட்டார்கள். சாதாரணத் தனிப்பட்ட பயன்பாட்டுப் பாலிசி, கூலிக்குப் பொருள் கொண்டுபோகும் நேரத்தை ஏற்காது. அதற்கென்று கூடுதல் பிரிவு உண்டு, கேட்டு வாங்க வேண்டும். உடம்புக்கு, சொந்தத் தொழில் செய்வோருக்கான சொக்சோ திட்டம் உண்டு. பி-ஹெய்லிங் (செயலி வழி டெலிவரி) ஓட்டுநர்கள் அதில் கட்டாயம் சேர வேண்டும்.

என்ஜின் பிளாக்கைப் பெரிசாக்கி சிசியைக் கூட்டுவது அடுத்த பிரச்சினை. கிரானில் 150 என்று இருக்க, உள்ளே 62 எம்எம் பிஸ்டன் போட்டு ஓட்டினால், நிறுவனம் காப்புறுதி கொடுத்த வண்டியும் நீங்கள் ஓட்டும் வண்டியும் வேறு வேறு. விபத்துக்குப் பிறகு சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டர் வந்து என்ஜினைத் திறந்து பார்ப்பார். ரேஸ் ஓட்டும்போது நடந்ததற்கும், போதையில் நடந்ததற்கும் எந்தப் பாலிசியும் உங்களுக்குப் பணம் தராது.

பின்னால் உட்கார்ந்து வருபவரை மறக்காதீர்கள். தைப்பூசத்துக்குத் தங்கையை ஏற்றிக்கொண்டு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகிறீர்கள். உங்கள் தப்பால் விழுந்து அவளுக்கு அடிபட்டால், அடிப்படைப் பாலிசி அதை ஏற்குமா என்பதை வாங்கும்போதே கேட்டு, இல்லையென்றால் அந்தப் பிரிவைச் சேர்க்கச் சொல்லுங்கள். பெத்தோங்குக்கோ ஹட்யாய்க்கோ கூட்டமாகப் போகிறவர்களுக்கு: மலேசியப் பாலிசி மலேசியா, சிங்கப்பூர், புருணை எல்லைக்குள்தான். தாய்லாந்துக்கான கட்டாயக் காப்புறுதியை எல்லையிலேயே வாங்கிக்கொண்டு நுழையுங்கள்.

விபத்து நடந்தால்

24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் இல்லையென்றால் 7 நாளுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படுக்கையில் இருந்தால் 30 நாள் வரை பொறுப்பார்கள். "பேசித் தீர்த்துக்கலாம் தம்பி, ரிப்போர்ட் வேண்டாம்" என்று எதிராளி அங்கேயே நூறு வெள்ளியை நீட்டுவார். அதை வாங்கிக்கொண்டு போன பிறகு, அவர் மறுநாள் உங்கள் மேல் ரிப்போர்ட் செய்தால் உங்கள் பக்கம் பதிவே இருக்காது. வண்டி எண்கள், சாலையில் வண்டிகள் கிடந்த நிலை, சிக்னல், எதிராளியின் ஐசி, இவற்றைப் படம் எடுத்த பிறகு வண்டியை நகர்த்துங்கள்.

ரிப்போர்ட் வேறு, கிளைம் வேறு. ஃபர்ஸ்ட் பார்ட்டி வைத்திருந்து தானாக விழுந்தவர், கிளைம் செய்வதற்கு முன் கணக்குப் போட வேண்டும். அடிப்படை 300 வெள்ளி, என்சிடி 25 விழுக்காடு என்று கொள்வோம். கிளைம் செய்தால் கழிவு பூஜ்யமாகி, பிறகு 15, 20 என்று ஏறும். முதல் வருஷம் 75, இரண்டாவது வருஷம் 30, மூன்றாவது வருஷம் 15, ஆக 120 வெள்ளி. வரியோடு சுமார் 130 வெள்ளி கூடுதலாகக் கட்டுவீர்கள். அதோடு எக்ஸஸையும் கூட்டுங்கள். கவரும் கண்ணாடியும் உடைந்து 150 வெள்ளிச் செலவென்றால் கையிலிருந்து போட்டுச் சரிசெய்வதே லாபம். போர்க் வளைந்து, சேசிஸ் அடிபட்டு ஆயிரத்தைத் தாண்டினால் கிளைம் செய்யுங்கள்.

நிறுவனம் நியாயமில்லாமல் மறுத்தால், முதலில் அதன் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அதற்கும் தீரவில்லையென்றால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தைகள் ஓம்புட்ஸ்மன் (புகார் தீர்க்கும் நடுவர்) சேவையிடம் போகலாம், கட்டணம் இல்லை. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் 1300-88-5465 எண்ணில் எங்கே போவது என்று வழி சொல்வார்கள்.

வண்டியை விற்கும்போது பெயர் மாற்றம் முடிந்ததும் பாலிசியை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மீதி மாதங்களுக்கு ஒரு பகுதிப் பணம் திரும்ப வரும்; உங்கள் என்சிடியும் அந்த வண்டி எண்ணிலிருந்து விடுபட்டு அடுத்த மோட்டாருக்கு வரும். ஒரு சமயத்தில் ஒரு வண்டிக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்பதால், பழைய பாலிசி ரத்தாகாமல் கிடந்தால் புது வண்டியின் விலைச்சீட்டில் கழிவு பூஜ்யம் என்றே வரும்.